தெரியாதவர்கள் இடது கை

தமிழாசிரியையான என்னை நிரல் வகுப்பு எடுக்கச் சொன்னதற்கு அரசாங்கம் ஒரு காரணம் வைத்திருந்தது. இயந்திரங்களுக்கு இப்போது தமிழிலேயே கட்டளை கொடுக்கலாம். கட்டளைகளை வரிசையாகக் கோப்பதற்குப் பெயர்தான் நிரல். ஆகவே நிரல் எழுதுவது தமிழ்ப் பாடம். யாரோ ஒருவர் கோப்பில் இப்படி எழுத, இன்னொருவர் கையெழுத்துப் போட, அது நேராகக் குள்ளாயிபாளையம் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து என் தலையில் விழுந்தது. எங்கள் பள்ளியில் கணினி படித்த ஆசிரியர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். அவரைத் தாராபுரத்துக்கு மாற்றி அங்கே தையல் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

ஈரோட்டில் பயிற்சி நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்த பையனுக்கு மீசைகூட முழுதாக முளைத்திருக்கவில்லை.

"டீச்சர், இந்த மிசின் ஒண்ணுமே தெரியாம வரும். பசங்க சொல்றதைச் செய்யும். பசங்க செய்யறதைப் பார்த்தும் கத்துக்கும். அரைகுறையா சொன்னா மட்டும் செய்யாது. 'புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்'னு நின்னுடும். அது நிக்க நிக்க, பசங்க தெளிவா சொல்லப் பழகுவாங்க. அதுதான் பாடமே."

"கத்துக்கிட்டதுக்கு அப்புறம் அதை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஸ்கூல் மிசின் நல்லா கத்துக்குதோ, அதோட படிப்பை எடுத்து மத்த எல்லாத்துக்கும் ஊத்திடுவோம். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி. ரேஷன் கடை, மினி பஸ்சு, ஆஸ்பத்திரி, எல்லா மிசினுக்கும் உள்ள ஒரே மூளைதானே? புரிஞ்சுதா?"

மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது" என்றோம். வெளியே சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்த நேரம் அது.

பள்ளிக்கு வந்த இயந்திரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். இரண்டு கைகள், காலுக்குப் பதில் சக்கரங்கள், தட்டு மாதிரி ஒரு முகம். அரசாங்கம் அதற்கு 'மாணவத் தோழன்' என்று பெயர் வைத்திருந்தது. ஏழாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகள் அதை ஒரு வாரத்தில் 'மண்டு' ஆக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. "ஜன்னலைச் சாத்து" என்றால், "புரியவில்லை. எந்த ஜன்னல்?" என்று கேட்கும். "காத்து வர்ற ஜன்னல்" என்றால் எல்லா ஜன்னலிலும் காற்று வருகிறது என்று சொல்லி நின்றுவிடும். துருவன் என்கிற பையன் சத்துணவு முட்டையை அதன் கையில் கொடுத்து "ஒடைச்சுக் குடு" என்றான். அது உடைத்தது. மஞ்சள் கரு கரும்பலகை வரை தெறித்தது. "ஓட்டை மட்டும் ஒடை, முட்டையை ஒடைக்காதே" என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்குள் அந்தப் பையன் பல நாள் முட்டையில்லாமல் சோறு தின்றான்.

பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் தடுக்கியது. 'மழை வந்தால் துணியை எடு' என்பார்கள். வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல மாட்டார்கள். மண்டு வானத்தைப் பார்த்தபடி கொடிக்கம்பத்தடியில் நிற்கும். "ஒரு பக்கம் சொன்னா மறு பக்கமும் சொல்லணும்" என்று தொண்டை வறளக் கத்தினேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங் டீச்ச்ச்சர்" என்று கூரை அதிரும். அதற்கப்புறம் ஒரு சின்னக் குரல் வரும்.

"புரியலீங் டீச்சர்."

அதுதான் நறுமுகை. மூன்றாவது பெஞ்சு, எண்ணெய் வழியும் ரெட்டைச் சடை, எப்போதும் கீழே விழுந்துகொண்டிருக்கும் ஒரு பென்சில். புரியாவிட்டால் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை என் பதினெட்டு வருஷப் பணியில் அவள் ஒருத்திதான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். நான் பெருமூச்சு விடுவேன். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். அப்புறம் முதலிலிருந்து சொல்வேன், மணியடித்துவிடும். மண்டுவும் அவளும் மட்டும் நல்ல சிநேகிதம். வகுப்பில் புரியவில்லை என்று சொல்கிறவர்கள் அவர்கள் இருவர்தானே.

இப்படி இருக்கும்போது ஆண்டாய்வு வந்தது. எங்கள் தலைமையாசிரியர் நாச்சிமுத்து ரொம்பத் தங்கமான மனிதர். கோபமே வராது. ஆனால் 'அதிகாரி' என்ற சொல்லைக் கேட்டால் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். வருகிற மே மாதம் ஓய்வு. அதுவரை ஒரு சின்னக் கீறல்கூட விழாமல் போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிரார்த்தனை. ஆய்வுக்கு முந்தின நாள் என் வகுப்புக்கு வந்து ஒத்திகை நடத்தினார்.

"இங்க பாருங்க கண்ணுகளா. நாளைக்கு ஆப்பீசர் என்ன கேட்டாலும் அத்தன பேரும் கை தூக்கோணும். தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. டீச்சர் வலது கை தூக்குனவங்களை மட்டும்தான் எழுப்புவாங்க. 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா ரெண்டு பேருமே 'புரிஞ்சுது'ன்னு சத்தமா சொல்லோணும். ஆச்சுங்களா?"

என்னிடம் குனிந்து, "இது என்ற சொந்தக் கண்டுபிடிப்புங் டீச்சர். முப்பது வருசமா ஒரு ஆப்பீசரும் கண்டுபுடிக்கல" என்று பெருமையாகச் சொன்னார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

"புரிந்தது" என்றது மண்டு.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வந்த நாளிலிருந்து, முட்டை உடைத்ததைத் தவிர, ஒரு கட்டளையையும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளாத மண்டு வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் மாதக்கணக்கில் கத்தியும் பிள்ளைகளுக்கு வராததை, நிரல் என்றால் நெல்லா உளுந்தா என்று கேட்கிற இந்த மனிதர் போகிற போக்கில் செய்துவிட்டார். தெரிந்தால் இது, தெரியாவிட்டால் அது, இரண்டுக்கும் பொதுவாக இன்னொன்று. ஓர் ஓட்டையும் இல்லை.

நறுமுகை எழுந்தாள். "சார், புரியாட்டியும் புரிஞ்சுதுன்னு சொல்லோணுங்களா?"

"ஒரே ஒரு நாளைக்குத்தான் கண்ணு" என்றார் நாச்சிமுத்து.

அதை அவளிடம்தான் சொன்னார். மண்டுவிடம் சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஆய்வு அமோகமாக நடந்தது. அதிகாரி எதைக் கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கைகள். அவர் மண்டுவின் பக்கம் திரும்பி, "இங்கிருந்து அதை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு அப்படியே வந்துவிடு" என்றார். எதை, எவரிடம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மண்டு இடது கையைத் தூக்கி, "புரிந்தது" என்றது. பிறகு அங்கே இருந்த சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்க் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தது.

அது சரியாகத்தான் செய்ததா என்று அதிகாரி பார்க்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "'புரியவில்லை'ன்னு சொல்லாத மிசினை இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கறேன்" என்றார். அவருடைய துயரம் நியாயமானதுதான். அந்த நாட்களில் மாநிலம் முழுக்க இயந்திரங்கள் "புரியவில்லை" என்று சொல்லிச் சொல்லி மக்களைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தன. ரேஷன் கடையில் சண்டை, பேருந்தில் சண்டை. ஒரு மந்திரியைப் பார்த்தே மின்தூக்கி அப்படிச் சொல்லிவிட்டதாகப் பேச்சு. சென்னையில் உட்கார்ந்திருந்த இயந்திரத் திட்ட இயக்குநர், எந்தப் பள்ளியிலாவது அந்த வார்த்தையைச் சொல்லாத இயந்திரம் கிடைக்காதா என்று தவம் கிடந்திருக்கிறார்.

ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து மண்டுவின் படிப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். 'மாதிரி இயந்திரம்' என்று பட்டயம் கொடுத்தார்கள். இனி இதற்கு எதையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, இயக்குநரின் கைரேகை இல்லாமல் இது ஒன்றும் கற்றுக்கொள்ளாது என்று பூட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். நாச்சிமுத்து பள்ளி முழுக்க ஜிலேபி கொடுத்தார்.

ஊரே மாறிப்போனது. எந்த இயந்திரமும் யாரையும் எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை. எதைச் சொன்னாலும் "புரிந்தது." மக்கள் மகிழ்ந்துபோனார்கள். "இப்பத்தானுங் மிசினுக்கு மருவாதி தெரிஞ்சிருக்குது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ரேஷனில் துவரம்பருப்புக் கேட்டால் சில சமயம் சர்க்கரை வந்தது. ஆனால் மரியாதையாக வந்தது, அதனால் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முதல் சந்தேகம் நாச்சிமுத்து மூலம் வந்தது. ஒரு திங்கட்கிழமை, முகம் தொங்கிப்போய் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங் டீச்சர், நேத்து என்ற மச்சினன் பொண்ணு கலியாணம் தாராபுரத்துல. மினி பஸ்ல ஏறி, 'நம்ம கலியாணத்துக்குப் போப்பா'ன்னேன். 'புரிந்தது'ன்னுச்சு. கொண்டுபோய் மூலனூர்ல ஒரு எழவு வீட்டுல எறக்கி வுட்டுப்போட்டுது."

"அய்யோ. திரும்பி வந்திருக்கலாமில்லீங்க?"

"எறங்குனதுமே நாலு பேரு கையைப் புடிச்சு அழுதாங். பட்டு வேட்டியோட எப்பிடீங் திரும்பறது? எடுக்கற வரைக்கும் இருந்து, குளிச்சுப்போட்டு வந்தனுங். மொய்ப்பணம் சட்டை ஜோப்புல பத்திரமா இருக்குது. கலியாண வீட்டுல இன்னும் பேச மாட்டேங்கறாங்." பிறகு ஞாபகம் வந்தவர்போல, "அந்தப் பஸ்சு வழியெல்லாம் எடது பக்க லைட்டைப் போட்டுட்டே போச்சுங். இப்பத் திரும்பும் அப்பத் திரும்பும்னு பார்த்தேன், திரும்பவே இல்ல" என்றார்.

மூன்றாவது பெஞ்சில் பென்சில் விழுந்தது.

"சார், அது திரும்பறதுக்குப் போட்ட லைட்டு இல்லீங்" என்றாள் நறுமுகை. "பஸ்சுக்குக் கை இல்லீங்களே. அது இடது கை தூக்கியிருக்குதுங்."

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று மண்டுவிடம் யாரும் சொல்லவில்லை. அது நல்ல பிள்ளையாக, சொன்னதைச் சொன்னபடி இன்றுவரை செய்துகொண்டிருக்கிறது. அதன் மோரை ஊற்றித்தான் மாநிலத்தின் பால் முழுவதும் உறைந்திருக்கிறது.

இருந்தாலும் நாங்கள் உடனே ஓடிப்போய் யாரிடமும் சொல்லிவிடவில்லை. துவரம்பருப்புக்குச் சர்க்கரை வந்தால் என்ன, கல்யாணத்துக்குப் பதில் இழவுக்குப் போனால் என்ன, உயிரா போகிறது என்று நாச்சிமுத்து சொன்னார். மே மாதம் பக்கத்தில் வந்திருந்தது. நானும் தலையாட்டினேன்.

உயிர் போகிற விஷயம் அந்த வியாழக்கிழமையே வந்தது. நறுமுகையின் அம்மா கலாமணி பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கிற இயந்திரத்தின் முன் மகளோடு நின்றிருந்தாள். நான் தலைவலி மாத்திரைக்காக அதே வரிசையில் பின்னால் நின்றேன்.

"டாக்டரம்மா மாத்திச் சொல்லிட்டாங் சாமி" என்று கலாமணி இயந்திரத்திடம் சொன்னாள். "காலைல போடறதை ராத்திரிக்கு, ராத்திரி போடறது வேண்டாம்னாங், இல்ல பாதி போடச் சொன்னாங், கிறுகிறுன்னு வந்தா மட்டும் அந்தச் செகப்பு."

நான்கு மாதத்துக்கு முன்னாலாக இருந்தால் அது "புரியவில்லை" என்று நின்றிருக்கும். கலாமணி திட்டியிருப்பாள். உள்ளேயிருந்து நர்ஸ் எழுந்து வந்து சீட்டைப் பார்த்திருப்பார்.

"புரிந்தது" என்றது இயந்திரம். இடது ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மாத்திரைகள் தடதடவென்று விழுந்தன. கலாமணி அங்கேயே இரண்டை வாயருகே கொண்டுபோனாள். நறுமுகை பாய்ந்து தட்டிவிட்டாள்.

"ஏண்டி, நாலு பேரு முன்னால மானத்த வாங்கறே?"

"அம்மா, அதுக்குத் தெரியலம்மா! தெரியாமயே குடுத்திருக்குது! இடது கை தூக்குதும்மா!"

மகளுக்குக் காய்ச்சல் என்று நினைத்து கலாமணி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான்தான் நர்ஸை இழுத்துக்கொண்டு வந்தேன். சீட்டையும் மாத்திரையையும் பார்த்த நர்ஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மடங்கு சர்க்கரை மாத்திரைங் டீச்சர். வெறும் வயித்துல போட்டிருந்தா இங்கயே சாஞ்சிருப்பாங்க." விளக்கைக் காட்டிக் கேட்டேன். "அதுங்களா? மூணு மாசமா எரியுதுங். சார்ஜ் ஏறுதுன்னு நெனச்சேன்" என்றார்.

கலாமணி கீழே சிதறிய மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இவளுக்குப் பக்கத்தில் மகள் நின்றாள். அந்த மகள் எங்கள் வகுப்பில் படித்தாள். இந்த மாநிலத்தில் அந்தப் பச்சை விளக்குக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் குள்ளாயிபாளையம் ஏழாம் வகுப்பு பி பிரிவு மட்டும்தான்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் புகார் எண்ணைக் கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். இனிமையான குரல் ஒன்று, "உங்கள் புகார் புரிந்தது" என்றது. பக்கத்தில் ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த நறுமுகை, என் காதிலிருந்த இரண்டு கேட்பொறிகளையும் கழற்றி ஒவ்வொன்றாகத் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"டீச்சர், இடது பக்கத்துல மட்டும்தானுங் பேசுது."

இனி வழி ஒன்றுதான். மாதிரி இயந்திரத்தைக் கௌரவிக்க இயக்குநரே நேரில் வருவதாக இருந்தார். விழா சனிக்கிழமை. பூட்டைத் திறக்கிற கட்டைவிரலும் அவரிடம்தான் இருந்தது. நாச்சிமுத்துவிடம் போய், "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கடைசி மாசத்துல சஸ்பெண்டு ஆனவன்னு பேரு வருமுங்" என்றார்.

"கலாமணிக்குப் பொண்ணு கூட இருந்தா. மத்தவங்களுக்கு யாருங்க இருக்கறாங்க?"

"தெரியுதுங் டீச்சர்" என்றார். எந்தக் கையும் தூக்கவில்லை. உண்மையாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

விழாவுக்குப் பந்தல், வாழைமரம், பொன்னாடை எல்லாம் இருந்தன. இயக்குநர் இளம்பரிதி ஒல்லியான, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஏற்கெனவே ஐந்து பேர் பேசிக் களைத்திருந்த மேடையில், மண்டுவோடு ஒரு மாணவி உரையாடுவாள் என்று அறிவித்தேன். நறுமுகை ஏறினாள்.

"மண்டு, எங்கம்மாவுக்கு எது வேணுமோ அதைக் குடு. வேண்டாததைக் குடுக்காதே."

"புரிந்தது" என்றது மண்டு, இடது கையைத் தூக்கி. பந்தலில் கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

"எங்கம்மா யாருன்னே அதுக்குத் தெரியாதுங்" என்றாள் நறுமுகை. கைத்தட்டல் பாதியில் நின்றது. அவள் இயக்குநரைப் பார்த்தபடி பேசினாள். முட்டை, மழை, வலது கை, இடது கை, உறை ஊற்றியது, பஸ்ஸின் விளக்கு, அம்மாவின் மாத்திரை. நாக்கு உலரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன்.

அவள் முடித்ததும் நாச்சிமுத்து நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது.

"அய்யா, இந்தப் புள்ளை சொல்றது அத்தனையும் நெசமுங். இடது கை தூக்கச் சொன்னவன் நானுங். என்ற சொந்தக் கண்டுபிடிப்பு. மிசின் மேல தப்பில்லீங். அதுங்கிட்ட நிறுத்தச் சொல்ல மறந்துபோட்டேன். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. அந்த மருந்து மிசினை மட்டும் இன்னைக்கே பழையபடி ஆக்கிப்போடுங்க சாமி."

முப்பது வருடம் அதிகாரிகளுக்குப் பயந்த மனிதர் கையைக் கூப்பிக்கொண்டு நடுங்காமல் நின்றார்.

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார். "புரிந்தது. மிக நன்றாகப் புரிந்தது. ஆவன செய்யப்படும்" என்றார்.

சொல்லும்போது அவருடைய இடது கை மேசையிலிருந்து மெல்ல எழுந்து, தோள்வரை வந்து, அங்கேயே நின்றது.

அவருக்கே அது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். முதலில் பார்த்தது ஏழாம் வகுப்பு பி பிரிவு. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நறுமுகைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒலிபெருக்கிப் பக்கம் போய், தனக்கு நன்றாகத் தெரிந்த வியாதி வந்த ஒருவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"சார், எந்த எடத்துல இருந்துங் புரியல?"

இயக்குநர் தன் கையைப் பார்த்தார். சட்டென்று கீழே போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரிய மூச்சாக ஒன்று விட்டார்.

"அந்த உறை ஊத்துறதுன்னு சொன்னியே, அதுல இருந்து ஒண்ணும் வெளங்கல, மக்கா" என்றார். அதுவரை பேசிய தமிழ் எங்கேயோ போய்விட்டது. "நாலு வருசமா அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு கெடக்கேன். கேக்கதுக்கு வெக்கமா இருந்துச்சு."

நாச்சிமுத்து முன்னால் வந்தார். "ஏனுங் சார், உங்களுக்கு எந்த ஊருங்?"

"ஓட்டப்பிடாரம் பக்கம்."

"அங்கயும் இடது கையுங்களா?"

"அது எங்க ஹெட்மாஸ்டர் சொந்தமா கண்டுபிடிச்சதுல்லா!" என்றார் இயக்குநர்.

நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேலை போவதைக்கூட அவர் தாங்கியிருப்பார்.

நறுமுகை முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை இயக்குநர் குறுக்கே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்து போகவில்லை. கடைசியில் அவர் வலது கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மண்டுவின் முதுகில் தன் கட்டைவிரலை வைத்தார். பூட்டு திறந்தது. நாச்சிமுத்து அதன் முன்னால் குனிந்தார்.

"கண்ணு, நான் சொன்னதை மறந்துரு. இனிமே தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியாட்டித் தெரியலைன்னு சொல்லு. கையைத் தூக்காதே. இது ஒரு நாளைக்கு இல்ல, எந்நாளைக்கும். புரிஞ்சுதா?"

மண்டு இரண்டு கைகளையும் கீழே விட்டது. அதன் தட்டு முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியவில்லை என்று சொன்னால், அதன் பிறகு என்ன நடக்கும்?" என்று கேட்டது.

"ஒண்ணும் நடக்காது கண்ணு. மறுபடி சொல்லித் தருவோம், அவ்வளவுதான்."

"புரியவில்லை" என்றது மண்டு. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வார்த்தை. பந்தலில் யாரோ கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். ஆனால் அது இன்னும் முடிக்கவில்லை. "நறுமுகை அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் டீச்சர் பெருமூச்சு விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றும் நடக்காது என்பது புரியவில்லை. மறுபடியும் சொல்லுங்கள்."

மேடையும் பந்தலும் திரும்பி என்னைப் பார்த்தன. நறுமுகை மட்டும் பார்க்கவில்லை. குனிந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று அவள் பென்சிலே கொண்டுவரவில்லை.

மண்டுவின் படிப்பை மறுபடியும் எடுத்து ஊற்றியதில், சாயங்காலத்துக்குள் எல்லா இயந்திரங்களும் பழையபடி "புரியவில்லை" என்று நிற்க ஆரம்பித்தன. மறுநாளே ரேஷன் கடையில் சண்டை. என்னையும் நாச்சிமுத்துவையும் ஊரே திட்டியது. நல்லா இருந்த மிசினைக் கெடுத்துப்போட்டார்கள் என்று டீக்கடையில் முடிவு செய்துவிட்டார்கள். கலாமணி மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு படி கடலைக்காய் கொடுத்துவிட்டுப் போனாள். நாச்சிமுத்துவை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவரைத் தண்டிக்க வேண்டுமென்றால் மாநிலத்தில் எத்தனை தலைமையாசிரியர்களைத் தண்டிப்பது என்று இயக்குநர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதும் சரியான இடத்தில் நிறுத்தச் சொல்வதும் அன்றைய பாடம். நன்றாகத்தான் நடத்தினேன். "புரிஞ்சுதா?" என்றேன். கூரை அதிர்ந்தது. அதற்கப்புறம் அந்தச் சின்னக் குரல்.

"புரியலீங் டீச்சர்."

பெருமூச்சு தொண்டைவரை வந்துவிட்டது. வகுப்பும் சிரிப்பதற்கு வாயைத் திறந்துவிட்டது. ஓரத்தில் நின்ற மண்டு, இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. அதற்கு இன்னும் அந்தப் பதில் கிடைக்கவில்லை. வந்த மூச்சை விழுங்கினேன். புரை ஏறிவிட்டது. துருவன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான்.

"எந்த எடத்துல இருந்து கண்ணு?" என்று கேட்டேன்.

"மொதல்ல இருந்துங்."

கரும்பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தால், இன்னும் நான்கைந்து பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.